மின்வேலியில் மின்சாரத்திற்கு அளவு உண்டா?

காட்டையொட்டிய ஊர்களில் மக்காச்சோளம் பால் பிடிக்கும் பருவம் வந்துவிட்டால் உழவர்கள் வீட்டில் படுப்பதில்லை. பரணில்தான் படுக்கை. பன்றி வரும், மான் வரும். சத்தியமங்கலம், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் யானையும் வரும். ஓரிரவில் ஓர் ஏக்கர் மிதிபட்டால் அந்தப் போகத்தின் கணக்கே போயிற்று. ஆகவே வேலி வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. எந்த வேலி என்பதில்தான் உயிர் இருக்கிறது.

தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், விளைநிலத்தைச் சுற்றிச் சட்டத்திற்குப் புறம்பாகப் போடப்பட்டிருந்த மின்வேலியில் 3 யானைகள் இறந்தன. உடன் வந்த 2 குட்டிகள் தாயற்று நின்றன. நிலத்துக்காரர் கைதானார். யானை என்பதால் அச்செய்தி நாடெங்கும் பரவியது. இரவில் தண்ணீர் கட்டப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரர் இத்தகைய கம்பியில் சிக்கி இறந்தால் உள்ளூர்ச் செய்தியோடு முடிந்துவிடுகிறது.

சத்தியமங்கலத்தை அடுத்த ஊர் ஒன்றில் வயல்விழா முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க சார், சோலார் வேலியில எட்டாயிரம் வோல்ட்டுன்னு மீட்டர் காட்டுது. மோட்டார் ரூம்பு லைன் இருநூத்தி முப்பதுதானுங்க. எட்டாயிரம் கொல்லாது, இருநூத்தி முப்பது கொல்லும்னா எப்படீங்க?" நான் உழவியல் கற்பிப்பவன். அன்று சரியாக விடை சொல்ல இயலவில்லை. பின்னர் பொறியியல் பிரிவில் பணிபுரியும் நண்பரிடம் கேட்டும், அவருடன் சில வேலிகளை நேரில் அளந்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

வாய்க்காலும் குடமும்

மின்கம்பத்திலிருந்து வரும் மின்சாரம் ஓடும் வாய்க்கால் போன்றது. மடையைத் திறந்தால் அடைக்கும் வரை பாய்ந்துகொண்டே இருக்கும். சோலார் வேலியின் பெட்டியிலிருந்து வருவதோ குடத்து நீர். குடம் நிரம்புகிறது, பிறகு ஒரேயடியாகக் கவிழ்கிறது, மீண்டும் நிரம்ப ஒரு நொடிக்கு மேல் ஆகிறது. தென்னை உயரத்திலிருந்து ஒரு குடம் நீர் தலையில் விழுந்தால் திடுக்கிட்டு ஓடுவோம். ஆனால் யாரும் அதில் மூழ்கிப் போவதில்லை. நீர் விழும் உயரம்தான் வோல்ட். குடத்தின் கொள்ளளவு வேறு. பெரியவர் கேட்டது உயரத்தை மட்டும் வைத்து. கொள்ளளவைச் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

அந்தக் குடம்தான் மின்தேக்கி. பம்புசெட்டு மெக்கானிக்குகள் கண்டென்சர் என்று சொல்வதும் இதையே. இரண்டு உலோகத் தகடுகளுக்கிடையே மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்துச் சுருட்டிய பொருள் அது. மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும். எவ்வளவு தேக்கும் என்பதன் அலகு பாரடு. அது மிகப் பெரிய அலகாதலால் அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ பாரடு என்ற அளவே நம் பெட்டிகளில் அச்சிடப்பட்டிருக்கும்.

முதலில் வாய்க்காலைப் பார்ப்போம். கையிலிருந்து கால் வரை மனித உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம். வியர்வையும் ஈரமண்ணும் சேர்ந்தால் அது மேலும் குறையும். 230 வோல்ட் கம்பியைத் தொட்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே தசைகள் இறுகிக் கை கம்பியை விடாமல் பிடித்துக்கொள்ளும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து பாய்ந்தால் இதயத் துடிப்பு சிதறும் ஆபத்து உண்டு. வீடுகளில் பொருத்தும் கசிவுமின் துண்டிப்பானை 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்குமாறு அமைப்பது இதனால்தான். பியூஸ் போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். பியூஸ் கம்பி 5 அல்லது 10 ஆம்பியருக்குப் போட்டது. ஓர் ஆளைக் கொல்லும் கால் ஆம்பியர் மின்சாரம் அதைச் சூடாக்கக்கூடப் போதாது. கம்பியில் சிக்கியவர் இறந்து கிடப்பார்; பியூஸ் அப்படியே இருக்கும்.

"நேராகக் கொடுக்கவில்லை, குண்டு பல்பு வழியாகத்தான் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்வோரும் உண்டு. 100 வாட் பல்பு எரியும்போது அதன் வழியே 0.43 ஆம்பியர் பாய்கிறது. இதயத்தை நிறுத்துவதற்குத் தேவையானதைவிட இது பல மடங்கு. இன்னும் சிலர் சீலிங் பேன் கண்டென்சரை லைனுக்கும் வேலிக்கும் நடுவே இணைத்துவிட்டு, மின்தேக்கி வைத்துவிட்டோம், இனி அதுவும் சோலார் வேலியும் ஒன்று என்று எண்ணுகிறார்கள். மாறுமின்சாரத்தில் மின்தேக்கி குடமாக நிற்பதில்லை. நொடிக்கு 50 முறை இருபுறமும் நிரம்பிக் காலியாகி மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். 2.5 மைக்ரோ பாரடு கண்டென்சர் 50 சுழற்சி மின்சாரத்திற்கு ஏறத்தாழ 1270 ஓம் தடையாக நடந்துகொள்கிறது. உடலின் தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் 140 மில்லி ஆம்பியர் வருகிறது. இதுவும் கொல்லும். மின்தேக்கி இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. அது நிரம்பியபின் வாயில் அடைபட வேண்டும்; அதன்பிறகே வேலிக்குக் கவிழ வேண்டும்.

பெட்டிக்குள் நடப்பது

எனர்ஜைசர் என்று விற்கப்படும் துடிப்புப் பெட்டிக்குள் 12 வோல்ட் பேட்டரியின் மின்சாரம் முதலில் சில நூறு வோல்ட்டாக உயர்த்தப்பட்டு மின்தேக்கியை நிரப்புகிறது. நிரம்பியதும் தைரிஸ்டர் என்னும் மின்னணு மடை திறக்க, தேங்கியது முழுவதும் ஒரு சிறு மின்மாற்றியின் வழியே பாய்ந்து, பல ஆயிரம் வோல்ட் துடிப்பாக வேலிக்குச் செல்கிறது. அத்துடிப்பு பெரும்பாலான பெட்டிகளில் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகூட நீடிப்பதில்லை. விலங்கு திடுக்கிட்டுப் பின்வாங்க அது போதும். அடுத்த துடிப்பு வருமுன் கம்பியை விட்டு விலக நேரமும் இருக்கிறது. 230 வோல்ட் கம்பி தராதது இந்த இடைவெளியைத்தான்.

ஒரு துடிப்பில் எவ்வளவு ஆற்றல் என்பதை உழவரே கணக்கிடலாம். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, மைக்ரோ பாரடால் பெருக்கி, இரண்டால் வகுத்து, வருவதைப் பத்து இலட்சத்தால் வகுத்தால் விடை ஜூலில் கிடைக்கும். 20 மைக்ரோ பாரடு மின்தேக்கி 600 வோல்ட்டுக்கு நிரம்பினால் 3.6 ஜூல். மின்தேக்கியை இரு மடங்காக்கினால் ஆற்றல் இரு மடங்காகும். வோல்ட்டை இரு மடங்காக்கினாலோ நான்கு மடங்காகிவிடும். ஆகவே இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இப்பெட்டிகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 302, பகுதி 2, பிரிவு 76 ஆகும். உலகளாவிய மின்தொழில்நுட்பக் குழுவின் தரத்தைத் தழுவியது அது. பெட்டியின் வெளிமுனையில் 500 ஓம் தடையை இணைத்து அளக்கும்போது, ஒரு துடிப்பு அத்தடைக்குள் செலுத்தும் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டக்கூடாது. துடிப்புகள் நொடிக்கு ஒன்றுக்கு மேல் வரக்கூடாது. எந்தத் துடிப்பும் நூறில் ஒரு பங்கு நொடிக்கு மேல் நீளக்கூடாது. 500 ஓம் ஏன் என்றால், ஈரத்தில் நிற்கும் உடலின் நிலைக்கு அது நெருங்கியது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மின்தேக்கியில் தேங்கும் ஆற்றல் வேறு. வேலிக்கு வந்து சேரும் ஆற்றல் வேறு. மின்மாற்றியில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். சில விளம்பரங்களில் தேங்கும் ஜூலைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். வாங்குபவர் கேட்க வேண்டியது 500 ஓம் தடையில் எத்தனை ஜூல் என்பதையும், தர முத்திரை உண்டா என்பதையுமே. விற்பவருக்கு இந்தக் கேள்வி விளங்கவில்லை என்றால் வேறு கடையைப் பார்ப்பது நலம்.

மாற்றிப் போட்ட கண்டென்சர்

நானும் நண்பரும் பார்த்த தோட்டங்களில் ஒன்றில் பெட்டி பழுதாகி, உள்ளூரில் சரிசெய்யப்பட்டிருந்தது. "முன்னைக்கு இப்ப அடி பலமா இருக்குதுங்க" என்று தோட்டத்துக்காரர் மகிழ்ச்சியோடு சொன்னார். நண்பருக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார். 20 மைக்ரோ பாரடு இருக்க வேண்டிய இடத்தில் பம்புசெட்டு மோட்டாரின் 50 மைக்ரோ பாரடு கண்டென்சர் கட்டப்பட்டிருந்தது. அளந்ததில் 48 வந்தது. இயங்கும்போது அதன் முனைகளில் 590 வோல்ட். கணக்கிட்டால் 8.4 ஜூல். பழைய பெட்டியில் இருந்ததைப்போல இரு மடங்குக்கும் மேல். அந்த வேலியோரமாகத்தான் பள்ளிக்கூடம் போகும் தடம்.

சரிசெய்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்டென்சர் போய்விட்டது, கண்டென்சர் போட்டார்; அவருக்கு அது பம்புசெட்டு வேலை மாதிரிதான். ஆனால் மோட்டாரில் கண்டென்சர் மாறினால் மோட்டார் சூடாகும். வேலியில் மாறினால் தரத்தின் எல்லையே உடைந்துவிடும். அன்றே அதை நீக்கி, உரிய 20 மைக்ரோ பாரடு போட்டுக் கொடுத்தோம். அடி குறைந்துவிடுமே என்று அவருக்குச் சற்று வருத்தம்தான்.

அளக்கும் முறை

துடிப்புப் பெட்டியை உழவர்கள் தாமே திறக்க வேண்டா. பயிற்சி பெற்ற மெக்கானிக்கைக் கொண்டு செய்விக்கவும். எனினும் அவர் என்ன செய்கிறார் என்பதை அருகிலிருந்து கவனிப்பதற்கும், மோட்டார் அறையிலுள்ள கண்டென்சரைச் சோதிப்பதற்கும் முறையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சுவிட்சை அணைத்ததும் மின்தேக்கி காலியாகிவிடுவதில்லை. பேட்டரியைக் கழற்றிய பின்னும் 600 வோல்ட் உள்ளே காத்திருக்கலாம். அதை இறக்குவதற்கு 10 கிலோ ஓம், 10 வாட் தடை ஒன்றை, காப்புறையிட்ட கம்பிகளோடு இரு முனைகளிலும் சேர்த்து 5 நொடி பிடிக்க வேண்டும். திருப்புளியை வைத்துத் தட்டிப் பொறி பறக்கவிடும் வழக்கம் தவறு; முனை தீய்ந்துபோகும், கண்ணில் உலோகத் துளி தெறிக்கும். இறக்கியபின் மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளவும். இறைத்த கிணற்றில் மீண்டும் நீர் ஊறுவதுபோல, இறக்கிய மின்தேக்கியிலும் சற்று நேரத்தில் சிறிதளவு மின்னூட்டம் ஊறும். அதனால் அளக்கும் நேரம் வரை இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்தே வைக்க வேண்டும்.

பிறகு மின்தேக்கியின் ஒரு முனையையாவது சுற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் அளந்தால் பக்கத்திலுள்ள பாகங்களும் சேர்ந்து பொய்யான அளவு காட்டும். மல்டிமீட்டரில் மைக்ரோ பாரடு அளவு இருந்தால் அப்படியே படித்துக்கொள்ளலாம். மேலே அச்சிட்ட அளவுக்கும் படித்த அளவுக்கும் வேறுபாடு, அதில் குறித்துள்ள 5 அல்லது 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

மைக்ரோ பாரடு அளவு இல்லாத மீட்டரிலும் அளக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. பிரித்தெடுத்து இறக்கிய மின்தேக்கியை 12 வோல்ட் பேட்டரியில் ஒரு விநாடி தொட்டு எடுக்கவும். மீட்டரை வோல்ட் அளவில் வைத்து அதன் முனைகளில் இணைக்கவும். மீட்டர் வழியே மின்னூட்டம் மெல்லக் கசிந்து வோல்ட் இறங்கிக்கொண்டே வரும். 10.0 வோல்ட் காட்டும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கவும். 3.7 வோல்ட்டுக்கு வரும்போது மீண்டும் பார்க்கவும். மீட்டரின் உட்தடை 10 மெக் ஓம் என்றால், ஆன நொடிகளைப் பத்தால் வகுக்க மைக்ரோ பாரடு கிடைக்கும். 200 நொடி ஆனால் 20 மைக்ரோ பாரடு. விலை குறைந்த மீட்டர்களில் உட்தடை 1 மெக் ஓம் இருக்கும். அவற்றில் ஒரு நொடிக்கு ஒரு மைக்ரோ பாரடு. உட்தடை எவ்வளவு என்பது மீட்டருடன் வரும் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். மோட்டாரைக் கிளப்ப மட்டும் பயன்படும் ஸ்டார்ட்டிங் கண்டென்சருக்கு இம்முறை சரிவராது. அது தனக்குள்ளேயே கசியக்கூடியது. முனைகளுக்குக் குறுக்கே சிறு தடை பற்றவைத்திருந்தால் அதையும் எடுத்துவிட்டே அளக்க வேண்டும்.

குறைந்த வோல்ட்டில் அளப்பதால் கொள்ளளவுதான் தெரியும். உள்ளேயிருக்கும் தாள் 600 வோல்ட்டைத் தாங்குமா என்பது தெரியாது. உடல் உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ, அளவு சரியாக இருந்தாலும் தூக்கி எறிந்துவிடவும்.

கம்பியும் ஒரு மின்தேக்கியே

வேலிக் கம்பிக்கும் தரைக்கும் இடையிலும் மின்னூட்டம் தேங்குகிறது. ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு கிலோமீட்டர் நீளம் இழுத்த ஒற்றைக் கம்பியின் மின்தேக்கம், கணக்குப்படி, 0.0075 மைக்ரோ பாரடு அளவில் வரும். அற்பமாகத் தோன்றினாலும் 7000 வோல்ட்டில் அதை நிரப்ப 0.18 ஜூல் வேண்டும். கம்பிகளின் எண்ணிக்கையும் நீளமும் கூடக்கூட விலங்கைத் தொடுமுன்னரே பெட்டியின் ஆற்றலில் ஒரு பகுதி இப்படிப் போய்விடும். இதோடு கம்பியைத் தொடும் களை வேறு. வேலியின் கடைக்கோடியில் அடி குறைந்தால் பெரிய கண்டென்சர் போடத் தோன்றும். அதற்கு முன் கீழ்க்கம்பி ஓரமாகக் களை வெட்டி, உடைந்த காப்புப் பீங்கான்களை மாற்றி, தரைமின் கம்பியின் அடியை ஈரமாக்கிப் பாருங்கள். நாங்கள் பார்த்த வேலிகளில் பெரும்பாலும் குறை அங்கேதான் இருந்தது. கோடையில் காய்ந்த மண்ணில் ஒற்றைத் தரைக்கம்பி போதாது. இரண்டு மூன்றாக அடித்து இணைப்பது நல்லது.

உயர்அழுத்த மின்பாதையின் கீழோ அதை ஒட்டியோ நெடுந்தூரம் வேலி போனால், பெட்டியே இணைக்காத வெறுங்கம்பியிலும் மின்னூட்டம் ஏறும். மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, நடுவே காற்று, அதுவும் மின்தேக்கிதானே. அத்தகைய இடத்தில் கம்பியைக் கையால் தொடுமுன் தரையோடு இணைத்துவிட்டே வேலை செய்ய வேண்டும். கூடியவரை மின்பாதையை விட்டு விலகியே வேலியை அமைக்கவும். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்கோணமாகக் கடக்கவும்.

தரம் சொல்லும் வேறு சிலவற்றையும் குறித்துக்கொள்ளலாம். பெட்டியின் தரைமின் கம்பி, மின்வாரிய இணைப்பின் தரைமின் கம்பியிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஒரே வேலிக்கு இரண்டு பெட்டிகளை இணைக்கக்கூடாது. இரண்டின் துடிப்புகளும் மாறி மாறி வந்தால் விலகுவதற்கான இடைவெளி போய்விடும். முள்கம்பியில் துடிப்பு விடவே கூடாது, சிக்கியவர் விடுபட முடியாது. 10 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையாத மஞ்சள் நிற எச்சரிக்கைப் பலகைகளை, ஆள் நடமாடும் பக்கமெல்லாம் கட்ட வேண்டும். தரமான துடிப்பு வேலியும் விளையாட்டுப் பொருள் அன்று. தலை, கழுத்து படும்படி கம்பியினூடே குனிந்து நுழையக்கூடாது. கன்றுக்குட்டி கம்பியில் சுற்றிக்கொண்டால் முதலில் பெட்டியை நிறுத்திவிட்டே விடுவிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கும் ஒழுங்குபடுத்துவதற்கும் 2023-ஆம் ஆண்டில் தனி விதிகள் வந்துள்ளன. காப்புக் காடுகளையொட்டி நிலம் உள்ளவர்கள் வேலி போடுமுன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். முன்பே போட்டிருப்பவர்களும் அங்கே விசாரித்துக்கொள்வது நல்லது. பம்புசெட்டுக்குக் கொடுத்த மின்சாரத்தை வேலிக்கு எடுப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி குற்றம். அதில் யானை இறந்தால் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. மனிதர் இறந்தால் வழக்கு வேறு விதமாகப் போகும்.

வேலிப் பெட்டி வைத்திருப்போர் அதன் மூடியின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி, வாங்கியபோது இருந்த மின்தேக்கியின் மைக்ரோ பாரடு, வோல்ட் அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளவும். பழுதுபார்க்கக் கொடுத்துத் திரும்ப வாங்கும்போது, போட்ட கண்டென்சர் அந்த அளவுதானா என்று தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கூலியைக் கொடுக்கலாம்.